மாமரத்தில் ஒட்டியிருப்பது யார்?

ஆம்பூர், குடியாத்தம், வாணியம்பாடிப் பக்கத்துப் பிள்ளைகளே, சித்திரை மாதத்தில் மாந்தோப்புக்குள் நுழைந்தால் எல்லாரும் மாங்காயைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பாருங்கள். வயசான மரத்தில், கிளை இரண்டாகப் பிரியும் கவட்டையில், தடித்த நீள இலைகள் இரண்டு வரிசையாக அடுக்கிவைத்த மாதிரி ஒரு செடி உட்கார்ந்திருக்கலாம். இலையின் நுனியை யாரோ கடித்துத் துப்பினதுபோல் இருக்கும். அடியிலிருந்து வெள்ளி நிறத்தில் தடித்த வேர்கள் கிளம்பி, பாதி மரப்பட்டையைப் பிடித்துக்கொண்டும் மீதி காற்றில் தொங்கிக்கொண்டும் இருக்கும். மண் எங்கேயும் கிடையாது.

தோப்புக்காரத் தாத்தாவிடம் "தாத்தா, இது என்ன செடி?" என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: "புல்லுருவிடா பேராண்டி. மரத்தோட சத்தையெல்லாம் உறிஞ்சிடும். பிடுங்கிப் போடு."

தாத்தாவுக்கு மாமரத்தைப் பற்றித் தெரிந்ததில் கால்வாசிகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவரோடு கொஞ்சம் வழக்காட வேண்டியிருக்கிறது. புல்லுருவி வேறு, இது வேறு. இது ஆர்க்கிட். முழுப்பெயர் வாண்டா டெசெல்லேட்டா.

புல்லுருவி உண்மையிலேயே திருட்டுச் செடிதான். அதன் பழத்தைத் தின்னும் சின்னஞ்சிறு குருவி ஒன்று, பிசின் ஒட்டிய விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். முளைத்த விதை மரத்தின் பட்டையைத் துளைத்து, உள்ளே நீர் ஓடும் குழாய்வரை தன் உறிஞ்சு வேரை இறக்கும். அது புகுந்த இடத்தில் கிளை முண்டு முண்டாக வீங்கும்; வீக்கத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிளை நாளாக ஆகக் காயும். ஆர்க்கிட்டின் வேர் அப்படி உள்ளே போகாது. பட்டையின் மேல்தான் படுத்திருக்கும். அதற்கு மரத்திடம் வேண்டியது உட்கார ஓர் இடமும், கொஞ்சம் வெளிச்சமும் மட்டும்தான். இப்படி இன்னொரு செடியின்மேல் குடியிருந்து, ஆனால் அதன் சாற்றை எடுக்காமல் வாழும் செடிகளைத் தொற்றுத்தாவரங்கள் என்பார்கள்.

சரி, மண்ணும் இல்லை, மரத்திடமிருந்தும் எடுக்கவில்லை என்றால் தண்ணீர்? வேலூர்ப் பக்கத்து மே மாத வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது டிகிரியைத் தாண்டி அடிக்கும் அந்த வெயிலில் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு ஒரு செடி எப்படிப் பிழைக்கிறது?

அதற்கு விடை அந்த வெள்ளி வேரில் இருக்கிறது. ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம், செடியைப் பிடுங்க வேண்டாம். பாட்டிலில் தண்ணீர் எடுத்துப்போய், கைக்கு எட்டும் காய்ந்த வேர் ஒன்றின்மேல் மெல்லத் தெளியுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேர் பச்சையாகிவிடும். வேரைச் சுற்றிப் பல அடுக்காக இறந்துபோன வெற்று உயிரணுக்கள் இருக்கின்றன. இந்த உறைக்கு வெலமன் என்று பெயர். காய்ந்திருக்கும்போது அந்த உயிரணுக்களுக்குள் காற்று நிறைந்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். அதனால் வெள்ளியாகத் தெரிகிறது. மழைத்துளி பட்டதும் காற்று வெளியேறித் தண்ணீர் உள்ளே புகும். உறை கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும். உள்ளே இருக்கும் பச்சையம் வெளியே தெரியும். ஆமாம், இந்தச் செடிக்கு வேரிலும் பச்சையம் உண்டு. இலை செய்யும் வேலையில் ஒரு பங்கை வேரும் செய்கிறது. கோடை மழை கால் மணி நேரம்தான் பெய்கிறது என்று வையுங்கள், மண்ணில் நிற்கும் செடி யோசித்து முடிப்பதற்குள் இது குடித்து முடித்துவிடும். பட்டையில் வழிந்துவரும் மழைநீரில் தூசியும், மக்கிய இலைத்துகளும், பறவை எச்சமும் கரைந்திருக்கும். அதுதான் உரம்.

குடித்த தண்ணீரைக் காப்பாற்றவும் ஒரு வழி வைத்திருக்கிறது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுக்கும். திறந்த துளை வழியாகத் தண்ணீரும் ஆவியாகப் போய்விடும். வாண்டா பகலில் துளைகளை மூடிக்கொள்கிறது. இரவில் திறந்து, உள்ளே வந்த வாயுவை அமிலமாக மாற்றிச் சேமித்துவைக்கிறது. மறுநாள் வெயில் வந்ததும், மூடிய கதவுக்குள்ளேயே சமையல். கள்ளிச்செடியும் அன்னாசியும் செய்வதும் இதையேதான்.

பூவைப் பார்க்க வேண்டுமானால் கோடையில்தான் போக வேண்டும். ஒரு தண்டில் ஐந்து முதல் பத்துப் பூக்கள், ஒவ்வொன்றும் நாலைந்து சென்டிமீட்டர் அகலம். இதழின் பின்பக்கம் வெள்ளை. முன்பக்கம் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில், குறுக்கும் நெடுக்குமாகப் பழுப்புக் கோடுகள். குடியாத்தம் கைலியின் கட்டம்போலவே இருக்கும். நடுவில் உதடு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இதழ் மட்டும் ஊதா நிறம். மூக்கை அருகே கொண்டுபோனால் நல்ல வாசம்.

இந்தச் செடியை முதன்முதலில் அறிவியல் உலகுக்குப் படத்தோடு அறிமுகப்படுத்தியவர் வில்லியம் ராக்ஸ்பரோ. கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக வந்து, சோழமண்டலக் கடற்கரைச் செடிகளையெல்லாம் நம் நாட்டு ஓவியர்களைக்கொண்டு வரையவைத்தவர். அந்த ஓவியங்கள் 1795 முதல் லண்டனில் நூலாக வந்தன. வரைந்தவர்கள் பெயரையும் கொஞ்சம் அக்கறையாக எழுதிவைத்திருக்கலாம் என்று எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. பூவின் கட்டங்களை ஒன்று விடாமல் எண்ணிப் போட்டது அவர்கள் கைதானே.

இனிமேல்தான் விஷயமே சுவாரசியமாகிறது.

ஆர்க்கிட்டின் காய் முற்றி வெடித்தால் தூசி மாதிரி ஒன்று பறக்கும். அதுதான் விதை. ஒரு காய்க்குள் ஆயிரக்கணக்கில், சில வகைகளில் பத்து லட்சத்துக்கும் மேல் இருக்கும். இத்தனை விதை இருந்தால் ஊரெங்கும் ஆர்க்கிட் காடாக அல்லவா இருக்க வேண்டும்? ஏன் இல்லை?

நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள், மாங்கொட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே குட்டிச் செடிக்கான சாப்பாட்டை அம்மாச் செடி கட்டிக்கொடுத்திருக்கும். ஆர்க்கிட் விதைக்குள் அப்படி எதுவும் கிடையாது. மெல்லிய தோலுக்குள் சில நூறு உயிரணுக்கள், அவ்வளவுதான். காற்றில் எவ்வளவு தூரமும் போகும். போய் விழுந்த இடத்தில் சாப்பாடு கிடைக்காவிட்டால் செத்துப்போகும்.

அப்படியானால் முளைப்பவை எப்படி முளைக்கின்றன? ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் இதற்காக எத்தனையோ ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1899இல் நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சு இளைஞர், பாரிசுக்குப் பக்கத்தில் உள்ள ஃபோந்தன்புளோ காட்டில், மக்கிய இலைகளுக்கடியில் புதைந்துகிடந்த ஓர் ஆர்க்கிட் தண்டைக் கண்டெடுத்தார். காயோடு புதைந்த தண்டு அது. விதைகள் அங்கேயே முளைத்திருந்தன. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் முளைத்த ஒவ்வொன்றின் உள்ளேயும் பூஞ்சை இழைகள்! அந்தப் பூஞ்சைதான் விதைக்குச் சாப்பாடு போடுகிறது.

பூஞ்சை என்ன, தர்மத்துக்கா சோறு போடும்? மக்கிய பட்டையிலும் இலையிலும் தன் வாழ்க்கையை நடத்திக்கொண்டிருக்கிற பூஞ்சை, ஆர்க்கிட் விதைக்குள் இழையை நீட்டுகிறது. விதையோ அந்த இழைச் சுருளையே செரித்து, அதிலிருக்கும் சர்க்கரையையும் மற்றச் சத்துகளையும் எடுத்துக்கொள்கிறது. இலை விட்டுத் தானே சமைக்கக் கற்றுக்கொள்ளும்வரை இப்படித்தான். ஆக, ஆர்க்கிட்டுக்குத் திருட்டுப் பட்டம் கட்டியே ஆக வேண்டும் என்றால், புகார் கொடுக்க வேண்டியது மாமரம் இல்லை, பூஞ்சை!

இப்போது தெரிகிறதா, வாண்டா ஏன் வயசான மரத்தில் மட்டும் இருக்கிறது என்று? பட்டை சொரசொரப்பாக இருந்தால்தான் விதை தங்கும். வெடிப்பில் ஈரம் நிற்கும். ஈரம் நின்றால் பூஞ்சை வாழும். மா, புளி, இலுப்பை, மலையில் கடுக்காய் என்று இப்படிப்பட்ட மரங்களைத்தான் அது விரும்புகிறது. பட்டையை உரித்து உரித்துப் போட்டுவிடும் தைல மரத்தில் ஆர்க்கிட்டைத் தேடினால் ஏமாற்றம்தான். பெங்களூரு நெடுஞ்சாலை அகலமானபோது சாலையோரத்துப் புளியமரங்கள் போயின அல்லவா, அவற்றின் மேல் குடியிருந்தவையும் சேர்ந்தே போயிருக்கும். மறுபடி புளியங்கன்று நடலாம். அதன் பட்டை வெடித்துப் பக்குவப்பட உங்களுக்கே பேரப்பிள்ளைகள் வந்துவிடுவார்கள்.

முளைத்து வளர்ந்து பூத்த பிறகும் பாடு ஓயவில்லை. மற்றப் பூக்கள் பெரும்பாலும் மகரந்தத்தைப் பொடியாகத் தூவும். ஆர்க்கிட் அதைப் பொட்டலமாகக் கட்டிவைத்திருக்கும். தேனீயோ வண்டோ பூவுக்குள் தலையை விட்டு வெளியே வரும்போது, ஓரிரண்டு மஞ்சள் உருண்டைகள் முதுகிலோ நெற்றியிலோ ஒட்டிக்கொள்ளும். அந்தப் பூச்சி அடுத்து அதே வகை ஆர்க்கிட் பூவுக்கே போனால்தான் பலன். பூக்கடையில் வாங்கிய ஆர்க்கிட் வீட்டில் இருந்தால், நடுத்தண்டின் நுனியில் ஊசி முனையை மெல்லக் கொடுத்து மேல்நோக்கி நெம்பிப் பாருங்கள். உருண்டைகள் முனையோடு வந்துவிடும்.

சரியான பூச்சி இல்லாவிட்டால் காயே கிடையாது. வெனிலா ஐஸ்கிரீம் சாப்பிடுகிறீர்களே, அந்த வெனிலாவும் ஓர் ஆர்க்கிட்டின் காய்தான். மெக்சிகோவிலிருந்து அந்தக் கொடியை இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவுக்குக் கொண்டுபோய் நட்டார்கள். கொடி வளர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. அங்கே அதற்கான பூச்சி இல்லை. 1841இல் எட்மண்ட் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன், ஒரு தோட்டத்தில் அடிமையாக இருந்தவன், ஒரு மெல்லிய குச்சியையும் தன் கட்டைவிரலையும் வைத்து அந்தப் பூவுக்கு மகரந்தச் சேர்க்கை செய்து காட்டினான். உலகம் முழுக்க வெனிலாத் தோட்டங்களில் இன்றைக்கும் அதே கை வித்தைதான். உங்கள் வயதுப் பையன். அவனுக்கு ஒரு குடும்பப் பெயர்கூட அப்போது கிடையாது. விடுதலையான பிறகுதான் ஆல்பியஸ் என்ற பெயர் சேர்ந்தது.

உலகில் ஏறக்குறைய 28,000 ஆர்க்கிட் வகைகள் இருக்கின்றன. இந்தியாவில் சுமார் 1,250. அவற்றில் பெரும்பங்கு இமயமலையின் கிழக்குப் பகுதியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும், மழை கொட்டும் இடங்களில். நம் ஏலகிரியும் ஜவ்வாது மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தவை; காய்ந்த காடுகள். ஜவ்வாது மலைக் காவலூரில் வானம் தெளிவாக இருக்கிறது என்றுதானே தொலைநோக்கி வைத்திருக்கிறார்கள்? நட்சத்திரம் பார்ப்பவர்களுக்கு நல்ல செய்தி, ஆர்க்கிட்டுக்குக் கொஞ்சம் கஷ்டம். ஆனாலும் இங்கே இருப்பவை கில்லாடிகள்.

மரத்தில் ஏறாமல் தரையிலேயே இருக்கும் ஆர்க்கிட்களைத்தான் சொல்கிறேன். கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் புதர்க்காட்டிலும் புல்வெளியிலும் ஹாபனேரியா என்றொரு கூட்டம் இருக்கிறது. கோடை முழுக்க மண்ணுக்கடியில் கிழங்காகத் தூங்கும். மழை விழுந்ததும் இலை விட்டு, வெள்ளைப் பூப் பூத்து, காய்த்து, ஈரம் தீர்வதற்குள் மறுபடி படுத்துக்கொள்ளும். மேலே தீயே பரவினாலும் கீழே கிழங்கு பத்திரம். ஜியோடோரம் என்று இன்னொன்று. அதன் பூந்தண்டு வெட்கப்பட்டதுபோல் தலையைக் கவிழ்த்தே பூக்கும். காய் பிடித்த பிறகு அதே தண்டு மெல்ல நிமிர்ந்து நேராக நிற்கும். தூசி விதை காற்றில் போக வேண்டுமே! நர்வீலியா என்பது இன்னும் வேடிக்கை. முதலில் பூ மட்டும் வரும். பூ போன பிறகு ஒரே ஓர் இலை வரும். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கவே முடியாது.

கிழங்கில் தூங்கும் இந்த உத்தி வேறு நாடுகளிலும் உண்டு. துருக்கியிலும் அதைச் சுற்றியுள்ள நாடுகளிலும் ஆர்க்கிட் கிழங்கைத் தோண்டி உலர்த்தி மாவாக்கி, சலெப் என்ற சூடான பானம் செய்வார்கள். இழுத்தால் நீளுமே துருக்கி ஐஸ்கிரீம், அதிலும் இதுதான். ஒரு கிலோ மாவுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிழங்குகள் வேண்டும். ஒரு கிழங்கைத் தோண்டினால் ஒரு செடி போயிற்று என்று அர்த்தம். அங்கே பல இடங்களில் ஆர்க்கிட்கள் அருகிப்போனதற்கு இந்த ருசி ஒரு பெரிய காரணம்.

நம் பக்கத்துக் கதை வேறு. அது உங்கள் ஊர்த் தொழிலோடு முடிச்சுப் போட்டது.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது ஒருவர் ஷூ கம்பெனிக்கோ தோல் தொழிற்சாலைக்கோ போகிறவராக இருப்பார். அவரிடம் கேளுங்கள்: தோலைப் பதப்படுத்த இந்தக் காலத்தில் பெரும்பாலும் குரோமியம்தான். அதற்கு முன்னால் ஆவாரம் பட்டை, கடுக்காய் என்று இங்கேயே கிடைக்கும் சரக்கு. பிறகு வாட்டில் பட்டை வந்தது. வாட்டில் என்பது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். நீலகிரியில் அதைச் சீகை மரம் என்பார்கள். அதன் பட்டையில் தோல் பதனிடும் டானின் ஏராளம். தொழிலுக்குப் பட்டை வேண்டுமே என்று, சுதந்திரத்துக்குப் பிறகு நீலகிரியிலும் பழனி மலையிலும் பரந்துகிடந்த புல்வெளிகளில் சீகையை நட்டார்கள். வெறும் புல்தானே, சும்மா கிடக்கிற நிலம்தானே என்று நினைத்துவிட்டார்கள். தைல மரமும் பைன் மரமும் கூடவே போய்ச் சேர்ந்தன.

அது சும்மா கிடந்த நிலம் இல்லை. சாட்டிரியம் என்ற இளஞ்சிவப்பு ஆர்க்கிட்டும் ஹாபனேரியாக்களும் கிழங்கு வைத்துத் தூங்கும் வீடு அது. மேலே சீகை மூடிக்கொண்டால் கீழே வெயில் விழாது. நட்ட இடத்தோடு நிற்காமல் சீகை தானாகவும் பரவிற்று. பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுச் சொன்னது. தோல் பதனிடுபவர்கள் யாரும் ஆர்க்கிட்டை அழிக்கக் கிளம்பவில்லை. ஆம்பூரில் செருப்புத் தைத்தவருக்கு ஊட்டியில் எந்தப் பூ போயிற்று என்று தெரிந்திருக்க வழியே இல்லை. தமிழக அரசு 2022இல் இப்படிப்பட்ட அந்நிய மரங்களை அகற்ற ஒரு கொள்கையே வெளியிட்டது. சீகையை வெட்டுவது ஒரு நாள் வேலை. மண்ணில் விழுந்துகிடக்கும் அதன் விதைகள் பல ஆண்டுகள் கழித்தும் முளைக்கும் என்பதுதான் தலைவலி.

ஆர்க்கிட்டைக் காப்பாற்றும் வேலை சேலம் மாவட்டத்து ஏற்காட்டில் பல காலமாக நடக்கிறது. அங்கே இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. குடும்பத்தோடு ஏற்காடு போனால் படகு சவாரிக்கு நிற்கும் நேரத்தில் ஒரு பங்கை இதற்குக் கொடுங்கள். பூஞ்சையின் உதவியே இல்லாமல் விதையை முளைக்கவைக்கும் முறையும் இருக்கிறது. சர்க்கரையும் உப்புகளும் கலந்த கூழில், கிருமி இல்லாத கண்ணாடிக் குடுவைக்குள் விதையைத் தூவினால் போதும் என்று 1922இல் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்கர் காட்டினார். பூக்கடையில் கல்யாண மேடைக்கு விற்கும் ஊதா ஆர்க்கிட்கள் பெரும்பாலும் இப்படிக் குடுவையில் பிறந்த கலப்பினங்களே. ஆசையாக இருந்தால் தாராளமாக அவற்றை வாங்குங்கள். மலைக்குச் சுற்றுலா போகும் இடத்தில் வேரோடு பிடுங்கிய காட்டு ஆர்க்கிட்டை யாராவது விற்றால் வாங்காதீர்கள். தொட்டியில் வைத்தால் ஒரு வருஷம் பச்சையாக நிற்கும், அப்புறம் அழுகிவிடும். காட்டு ஆர்க்கிட் எதையும் அனுமதி இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுபோய் விற்கக்கூடாது என்று உலக நாடுகளின் ஒப்பந்தமே இருக்கிறது. 1976 முதல் இந்தியாவும் அதில் உறுப்பினர்.

கடைசியாக, உங்கள் ஊரில் ஒரு பழைய மாமரத்தை வெட்டத்தான் போகிறார்கள், அதில் வாண்டா இருக்கிறது என்று வையுங்கள். காட்டு மரமென்றால் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்; சொந்தத் தோப்பென்றால் பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு நீங்களே காப்பாற்றலாம். வேரைப் பட்டையிலிருந்து பிய்க்காதீர்கள், ஒடிந்துவிடும். பட்டையோடு சேர்த்துச் செதுக்கி எடுக்கச் சொல்லுங்கள். அதே மாதிரி சொரசொரப்பான இன்னொரு மரத்தில், மதிய வெயில் நேராக விழாத பக்கமாக, பருத்திக் கயிற்றால் அசையாமல் கட்டுங்கள். மண்ணோ சாணமோ அப்ப வேண்டாம். ஆடி மழைக்குக் கொஞ்சம் முன்னால் செய்தால் நல்லது. மழை வரும்வரை காலையில் ஒருமுறை தண்ணீர் தெளித்தால் போதும். சில வாரங்களில் வேரின் நுனி பளபளவென்று பச்சையாக நீண்டு பட்டையைப் பிடிக்கத் தொடங்கும். பிடித்துவிட்டதா என்று விரலால் லேசாக அசைத்துப் பார்த்துவிட்டு, கயிற்றை அவிழ்த்துவிடலாம். தாத்தாவிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் புல்லுருவி என்று அவர் பிடுங்கிப் போட்டுவிடுவார்.